கப்பல் அண்ணனும் ஆறு ஜாடி மாங்காயும்

1912 செப்டம்பர் 12, வியாழன்

இன்று ‘ஊறுகாய்’ என்று முழுதாக எழுதினேன். ஒரு எழுத்துகூட விடவில்லை. தெய்வானை பார்த்துவிட்டு, வால் கொஞ்சம் நீளம், மற்றபடி சரி என்றாள். எனக்கு அந்த வால் பிடித்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

தெய்வானை என் மருமகள். தேர் ரூஜ் ஊரில் பிறந்தவள். அவள் அப்பா கோயிலில் புராணம் படிக்கிறவர், அதனால் பெண்ணுக்கும் எழுத்து தெரியும். போன வருஷம் என் முழங்கால் வீங்கிக் கரும்புக் காட்டுக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடந்தேன். தண்ணீர் கொண்டா, வெற்றிலை கொண்டா என்று நாள் முழுக்க அவளைக் கூப்பிட்டபடி இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “இதுல ‘அ’ போடுங்க மாமா. சிலேட்டு நிறையட்டும். அப்புறம் என்னக் கூப்புடலாம்.”

சிலேட்டு நிறைந்தது. அவளைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

கோயில் வாசற்படிக்கு மேலே இருப்பதை இத்தனை வருஷமாகப் பூவேலை என்று நினைத்துக் கும்பிட்டு வந்தேன். இப்போது படிக்க முடிகிறது. ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாகலிங்கம் அண்ணன் வந்திருந்தார். தொழிலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். மாங்காய் ஊறுகாய் போட்டு விற்பது. அவர் கைப்பக்குவம், என் ஓட்டம். ஓட்டம் என்று எழுதுகிறேன், முழங்கால் சிரிக்கும்.

அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள். எனக்கு நாலு வயது, அவருக்கு ஆறோ ஏழோ. கப்பலில் எங்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே சட்டியில் சோறு பொங்கினார்களாம். அன்றிலிருந்து பங்காளி. இந்தத் தீவில் கப்பலில் கூட வந்தவன் பங்காளிதான். அந்த வீட்டில் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. கோயில் தர்மகர்த்தா அப்பாசாமி ஒருமுறை அண்ணன் மகளை என் மகனுக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டிலும் ஒரே பதில்: அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணமா? அவர் வெட்கப்பட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணைத் தெற்கே பெல் ஒம்ப்ரில் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணம், கோயில் பந்தி எதுவானாலும் சமையல் அண்ணன்தான். அவர் போடும் மாங்காய்க்காகவே இரண்டாம் தடவை சோறு வாங்குகிறவர்கள் உண்டு. “டேய் வேங்கடம், கரும்பு வெட்ட முடியாத ரெண்டு கெழவனுங்க மாங்கா வெட்டலாம். அது திருப்பி வெட்டாது” என்றார்.

செப்டம்பர் 28, சனி

புட்டி கிடைத்துவிட்டது. தோட்டத்துப் பெரிய வீட்டில் ஜெரார் என்று ஒரு கிரியோல்காரர் சரக்கறை பார்க்கிறார். துரை குடித்துப் போட்ட ஒயின் புட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொடுத்தார். என்னை ‘தொந்தோன்’ என்றுதான் கூப்பிடுவார். இங்கே வயதானவனுக்கெல்லாம் அந்த மரியாதை உண்டு. “தொந்தோன், உன் மாங்காய் சாப்பிட்டால் போதை வருமா?” என்றார். வந்தால் விலையைக் கூட்டுவேன் என்றேன்.

அண்ணனுக்குப் புட்டி பிடிக்கவில்லை. வாய் குறுகல், துண்டைப் பொடியாக வெட்ட வேண்டும். “பல்லு இல்லாதவனுக்கா போடுறோம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். ஜாடியில் போட்டால் பசாரில் அள்ளித்தான் கொடுக்க வேண்டும், புட்டி என்றால் கடையில் அடுக்கி வைக்கலாம், சீட்டு ஒட்டலாம் என்று நான் சொன்னேன்.

சீட்டுத்தான் எனக்கு முக்கியம். யாரிடம் மறைப்பது. ‘திருவேங்கடம், நாகலிங்கம், மாங்காய் ஊறுகாய், ஃப்ளாக்.’ ஃப்ளாக் எங்கள் ஊர். ஒரு சீட்டு எழுதி முடிக்க ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் ஆகிறது. அண்ணனிடம் அவர் பெயரைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்குடா என்றார்.

அக்டோபர் 9, புதன்

நல்ல வெயில். காட்டிலிருந்து பொறுக்கிக் குவித்த கருங்கல் மேட்டின் மேல் பாய் விரித்து மாங்காயைக் காய வைக்கிறோம். கல் சூடு கீழிருந்து, வெயில் மேலிருந்து. அண்ணன் கண்டுபிடித்தது. ஒவ்வொரு துண்டையும் துணியால் துடைத்துத்தான் போட வேண்டும், ஈரக்கை படக்கூடாது. மைனாவை விரட்ட ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நான் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. கரும்பு வெட்டிய காலத்தில்கூட இப்படி அலுத்ததில்லை. அப்போது வேலை முடிந்தால் முடிந்தது. சொந்தத் தொழில் என்றால் படுத்த பிறகும் மைனா வருகிறது.

அக்டோபர் 17, வியாழன்

மழை.

அக்டோபர் 18, வெள்ளி

மழை. மாங்காய் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் வீட்டுக்குள் கிடக்கிறது. வீடே புளிப்பு. மகன், எங்க தூங்குறது என்று கேட்டான். நியாயமான கேள்வி.

அக்டோபர் 23, புதன்

அண்ணன் இன்னும் பொறு என்கிறார். வெயில் அடித்து, காய்ந்து, எண்ணெய் விட்டு, பிறகு துணி கட்டி வைத்து ஊற வேண்டுமாம். எவ்வளவு நாள் என்றால், அதுவே சொல்லும் என்கிறார். மாங்காய் எப்போது பேசியது?

தீபாவளி நெருங்குகிறது. கரும்பு வெட்டும் காலக் கூலி கையில் இருக்கும்போதே ஜனங்கள் வாங்குவார்கள். சீனாக்காரர் கடையில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவர் அந்த இடத்தைச் சும்மா வைத்திருப்பாரா? மசாலா கலந்து புட்டியில் அடைக்கலாம் என்றேன். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. கலந்து கொடுத்தார். தக்கை போட்டு மெழுகு ஊற்றியது நான். அவர் அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து கை கழுவினார்.

அக்டோபர் 26, சனி

முப்பது புட்டி சீனாக்காரர் கடையில். அலமாரியில் வரிசையாக, எல்லாவற்றிலும் என் எழுத்து. தெருவில் நின்று பார்த்தேன். ஏதோ வாங்க வந்தவன்போல இரண்டு தடவை உள்ளே போய் உப்பு வாங்கினேன். வீட்டில் உப்பு இருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

எப்படி எழுதுவது.

மாதா கோயில் பூசை முடிந்து கிரியோல்காரர்கள் கடைக்கு வரும் நேரம். ஜெராரும் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு. நானும் அண்ணனும் எத்தனை புட்டி போயிருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். ஒன்று ‘டப்’ என்றது. தக்கை பறந்து கூரையில் பட்டது. அப்புறம் அடுத்தது. அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில். மஞ்சளும் எண்ணெயும் சுவர், அரிசி மூட்டை, ஜெராரின் வெள்ளைக் கோட்டு எல்லாவற்றிலும். அவர் அசையாமல் நின்று, “தொந்தோன், உன் மாங்காய்க்குப் பேய் பிடிச்சிருக்கு” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. சீனாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு முகம் எரிந்தது. அண்ணன் பக்கம் திரும்பி, “ஒங்க கை கெட்டுப்போச்சு அண்ணே, அதான்” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அண்ணன் என்னருகே வந்தார். என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக் கடையைக் கூட்டினார். முழுக்கக் கூட்டி முடித்துவிட்டுத்தான் போனார்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் வந்து தன் மரக்கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம். நான் பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். தெய்வானை, காப்பி குடிங்க பெரியமாமா என்றாளாம். வேணாம்மா என்றாராம்.

நான் சொன்னதுல என்ன தப்பு? கலந்தது அவருதானே? ஈரம்னு தெரிஞ்சா கலக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. சொன்னார், அதற்கு முன்னால் சொன்னார். நானும் கேட்டேன், கேட்டுவிட்டு மெழுகு ஊற்றினேன். சரி. அதற்காகக் கரண்டியை எடுத்துக்கொண்டு போவதா?

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளி. அண்ணன் வரவில்லை. நானும் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு கரும்புக் காடு, ஒரு ஓடை. அவ்வளவுதான்.

நவம்பர் 19, செவ்வாய்

விடுவதாக இல்லை. மரத்தில் இன்னும் மாங்காய் இருக்கிறது. தெய்வானையும் நானும் சின்ன ஜாடி ஒன்றில் போட்டுப் பார்த்தோம். புட்டி இல்லை. மெழுகு இல்லை. துணி மட்டும். மீதி இருந்த சீட்டுகளில் அண்ணன் பெயர் இருந்த பாகத்தைக் கத்தரித்தேன். கத்தரித்த துண்டுகளை அடுப்பில் போட மனசு வரவில்லை. வெற்றிலைப் பெட்டியில் கிடக்கின்றன.

டிசம்பர் 1, ஞாயிறு

பசாரில் அந்தச் சின்ன ஜாடி ஒரு காலையில் காலி. ஒரு அம்மாள், நாகலிங்கம் போட்டதா என்று கேட்டாள். நான் போட்டது என்றேன். அப்படியா என்று கொஞ்சம் குறைத்து வாங்கினாள்.

டிசம்பர் 6, வெள்ளி

அப்பாசாமி வந்தார். கோட்டு, தொப்பி, கையில் குடை. தைப்பூசத்துக்கு நம் கோயிலில் காவடி எடுத்து வந்தவர்களுக்குப் பந்தி போடுவது உண்டு. இந்த வருஷம் சுற்று ஊர்களிலிருந்தும் வருகிறார்களாம். பந்திக்கு ஊறுகாய் முழுக்க என்னிடமிருந்து வேண்டும் என்றார். ஆறு பெரிய ஜாடி.

“எல்லா ஊர்க்காரனும் தின்னுட்டுப் போவான். அப்புறம் ஒங்க பேரு தீவு பூரா போகும் மாமா.”

என் பெயர் தீவு முழுக்க. இதுவரை அது போன தூரம் சீனாக்காரர் கடைக் கூரைதான்.

நாகலிங்கத்தையும் சேர்த்துக்கலாமே என்று அவர்தான் மெதுவாகக் கேட்டார். அவருக்கு உடம்புக்கு முடியலை என்றேன். அவர் உடம்பு எப்படி என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

டிசம்பர் 14, சனி

துடை, வெட்டு, உப்பு போடு, பரப்பு, மைனா, மழை வந்தால் வாரி உள்ளே போடு, வெயில் வந்தால் திரும்பப் பரப்பு. தெய்வானை கைகள் மஞ்சளும் எரிச்சலுமாக வெந்துபோயிருக்கின்றன. மகன் கரும்பை விட்டுவிட்டு எங்களுக்கு உதவி செய்கிறான், கரும்பு அதைத் திருப்பிக் கேட்கும். நல்லெண்ணெய்க்குக் காட்டோரத் துண்டு நிலத்தை ஈடாகப் பேசிவிட்டேன். இது போனால் அடுத்த வருஷம் ஊறுகாய் என்ற சொல்லை எழுதத்தான் முடியும், போட முடியாது.

டிசம்பர் 25, புதன்

ஆறு ஜாடியும் நிரம்பியது. உள் அறையில் வரிசையாக நிற்கின்றன, வயிறு பெருத்த ஆறு பேர் மாதிரி. இனி வெயில் நாளில் திறந்து கிளறி, மூட வேண்டும். ஜெரார் தங்கள் பண்டிகைக்குக் கேக்கு கொண்டுவந்தார். ஜாடிகளைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளியே நின்றார்.

1913 ஜனவரி 5, ஞாயிறு

ஜெரார் சொன்னார்: “உன் அண்ணன் காய்ச்சல்ல கிடக்கிறார் தொந்தோன். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. டிசம்பரில் நான் வாயில் வந்ததைச் சொன்னேனே, அது நினைவுக்கு வந்தது. வாக்கு பலிக்கும் என்றெல்லாம் நான் நம்புவதில்லை.

நம்புகிறேன்.

ஜனவரி 8, புதன்

தெய்வானையிடம் கஞ்சி கொடுத்து அனுப்பினேன். நான் போகவில்லை, இன்று நல்ல வெயில், ஜாடி திறக்க வேண்டிய நாள். வேறு காரணம் இல்லை.

அவள் திரும்பி வந்து சொன்னது: அண்ணன் எலும்பாகிவிட்டார், காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மருந்து உள்ளே நிற்கவில்லை, கண் மட்டும் பழையபடி இருக்கிறது. ஊறுகாய் எப்படிப் போட்டீங்க என்று அவளைக் கேட்டாராம். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வைத்துக் கேட்டாராம். பிறகு, “அவனுக்குச் சொல்லு. வெயில் இல்லாத அன்னைக்கு ஜாடியத் தொறக்கக் கூடாது. எட்டிப் பாக்கக்கூடக் கூடாது. அவன் எட்டிப் பாப்பான்.”

காய்ச்சல்காரருக்கு இதெல்லாம் எதற்கு? எனக்குத் தெரியாதா?

பொங்கலன்று போவேன். சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு போனால் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஜனவரி 11, சனி

அண்ணன் விடிகாலையில் போய்விட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

தீட்டில் எழுதலாமா என்று தெய்வானையைக் கேட்டேன். கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை மாமா என்றாள். எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். வெயில் காலம், வைத்திருக்க முடியாது. பெல் ஒம்ப்ருக்கு மகளுக்கு ஆள் போயிருக்கிறது, அவள் வந்து சேர இரண்டு நாள் ஆகும். அண்ணனுக்கு ஆண் பிள்ளை கிடையாது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சு வந்தது: நீர்க்குடம் யார் எடுப்பது?

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி தனலட்சுமி என் பக்கம் பார்க்கவில்லை. நவம்பரிலிருந்து அவர்கள் என்னோடு பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்பாசாமி என் தோளைத் தொட்டு வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“மாமா, யோசிச்சுச் செய்யுங்க. நீங்க கொடம் எடுத்தா பதினாறு நாளு தீட்டு. பூசம் அதுக்குள்ள வருது. தீட்டு வீட்டு ஊறுகாய நான் சாமி பந்தியில வைக்க முடியாது.”

“தெரியும்.”

“எடுக்கலன்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ரத்தமா? கப்பல்ல கூட வந்தீங்க, அவ்வளவுதானே. அந்தச் சமையக்காரப் பையன்ல ஒருத்தன எடுக்கச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போயி தல முழுகிடுங்க.”

அவர் சொன்னது வழி. நல்ல வழி. ஆறு ஜாடி, காட்டோரத் துண்டு, தெய்வானையின் கை, தீவு முழுக்கப் போகிற பெயர், எல்லாம் அந்த வழியில் பத்திரமாக இருக்கிறது. நான் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்?

பிறகு கேட்டேன்: “அவரு மகள என் மகனுக்குக் கேக்க வந்தீங்களே, அப்ப நாங்க என்ன சொன்னோம்?”

அவர் வேலிக்கு அப்பால் பார்த்தார்.

“பங்காளின்னு சொன்னோம். நீங்களும் சரின்னு எந்திரிச்சுப் போனீங்க. பொண்ணு கேக்கையில பங்காளி, பொணம் தூக்கையில கூட வந்தவனா?”

அவர் குடையைத் தரையில் ஊன்றினார். “அப்ப பந்திக்கு நான் வேற ஏற்பாடு பண்ணணும் மாமா” என்றார்.

“பண்ணுங்க.”

குடத்தை எடுத்தேன். முழங்கால் நடுவில் ஒருமுறை மடங்கியது. யாரோ பிடித்தார்கள். குழியைச் சுற்றி வந்து உடைத்தேன். கடற்கரை இடுகாட்டு மணல் ஒட்டிக்கொண்டது, இன்னும் காலில் இருக்கிறது. முதல் கை மண் நான் போட்டேன்.

எதிரில் வைத்துச் சொன்ன வார்த்தையை எதிரில் வைத்துத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். பொங்கல் வரை பொறுத்தேனே. ஊறுகாய்க்குப் பொறுக்கத் தெரியாதவனுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ அத்தனை பொறுமை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீடுகளில் வைத்தார்கள். அண்ணன் மகள் பெல் ஒம்ப்ரிலிருந்து வந்துசேர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா என்றாள். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 16, வியாழன்

தீட்டு முடியும் வரை ஜாடியைத் தொடக்கூடாது. உள் அறைக் கதவையே சாத்திவிட்டோம். வெளியே மழை. ஐந்து வாரம் உழைத்தது கதவுக்குப் பின்னால் என்ன ஆகிறதோ. பூசணம் பூத்திருக்கும். இரண்டு தடவை கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

எட்டிப் பார்ப்பான் என்று சொன்னாரே.

ஜனவரி 19, ஞாயிறு

மழை. காற்றும். புயல் இல்லை என்கிறார்கள்.

கோயிலுக்குத் தேர் ரூஜிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் ரயிலில் வருகிறதாம். மகன் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். காட்டோரத் துண்டு போனது பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு என்ன சொல்வது?

ஜனவரி 22, புதன்

தைப்பூசம். காவடி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்று காவடிக்காரர்கள் காலில் ஊற்றுவேன். இன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மேளம் வந்தது, எங்கள் வாசலில் நிற்காமல் போனது. தீட்டு வீடு என்று தெரியும். வேல் வேல் என்கிற குரல் கரும்புக் காட்டுக்குள் போய் மறைகிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அலுப்பாக இருக்கிறது. கால் வலி இல்லை, பசி இல்லை. அலுப்பு.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று கருமாதி. மீசையை எடுத்தார்கள். தெய்வானை என்னைப் பார்த்து, மாமா நீங்களா என்றாள். இத்தனை நாளில் அவள் முதல்முறை சிரித்தது. நானும் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ குழந்தை மாதிரி ஒரு கிழவன்.

பந்தியில் அண்ணன் மகள் பருப்பும் சோறும் போட்டாள். ஊறுகாய் இல்லை. அந்த வீட்டில் ஊறுகாய் இல்லாத இலையை நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

வெயில் அடித்தது. நேற்று அடிக்கவில்லை, அதனால் நேற்று திறக்கவில்லை.

முதல் ஜாடி – நிறம் கறுத்துச் சிவந்து, எண்ணெய் மேலே நின்றது. மாங்காய்த் தோல் நகத்துக்கு வழிவிட்டது. மணம் வந்ததும் தெய்வானை பின்னால் நின்றபடியே, “பெரியமாமா வாசன” என்றாள். ஐந்து ஜாடி அப்படி. ஆறாவதில் துணி அவிழ்ந்து மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொட்டினோம்.

தீட்டு மட்டும் இல்லையென்றால், காவடிக்கு முன்னால், அந்த மழையில், நான் நாலு தடவையாவது திறந்து கிளறியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆறு ஜாடிக்கு ஐந்து. வாங்க ஆள் இல்லாத ஐந்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

தனலட்சுமி அண்ணி வந்தார்கள். வெள்ளைச் சேலை. இடுப்பில் ஒரு பை, பையில் அண்ணனின் மரக்கரண்டி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நேராக உள் அறைக்குப் போய், ஒரு ஜாடியைத் திறந்து, கரண்டியின் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். பள்ளிக்கூடம் போயிருந்தால் இப்படித்தான் நின்றிருப்பேன்.

“உப்பு கம்மி” என்றார்கள்.

“ஆமாண்ணி.”

“அவரு போட்டது இல்ல. ஆனா அவரு மாதிரி இருக்கு.” கரண்டியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்கள். “ஒங்க வாயி இருக்கே தம்பி, அதுக்கு நான் இன்னும் ஆறல. கொடம் எடுத்தீங்க, அது வேற. கட கூட்டினது அவரு, அது வேற.”

நான் தலையாட்டினேன். அவர்கள் சொன்னது கணக்கு.

“வீட்டுல ஒக்காந்து நான் என்ன செய்யறது? தொழில்ல அவரு பங்கு எங்க?”

“தொழிலே இல்ல அண்ணி. அஞ்சு ஜாடி நிக்குது, வாங்க ஆள் இல்ல. நிலம் போச்சு.”

“நான் அதக் கேக்கல. பங்கு எங்கன்னு கேட்டேன்.”

நான் அவர்களுக்கு இரண்டரை ஜாடியைக் காட்டினேன். அவர்கள் கரண்டியை எங்கள் அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்கு உப்பு வறுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

உப்பு வறுத்துப் போட்டார்கள். தெய்வானையும் அவர்களும் சேர்ந்தால் வீட்டில் எனக்கு இடம் இல்லை. இரண்டு பேரும் என்னை மைனா விரட்ட அனுப்புகிறார்கள். காய வைக்க மாங்காயே இல்லாதபோது.

சீனாக்காரரிடம் போனேன். கூரையைக் காட்டினார். மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. புட்டி இல்லை, துணி கட்டின சின்னச் சட்டிதான், வெடிக்காது என்று சொன்னேன். ஆறு சட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார். அலமாரியில் இல்லை, வாசல் ஓரம், தரையில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜெரார் வந்து முதல் சட்டியை வாங்கிப் போனார். கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, தூரமாகவே பிடித்துக்கொண்டு போனார்.

மீதிச் சட்டிகளுக்குச் சீட்டு எழுதி உலர வைத்திருந்தேன். அண்ணி ஒன்றைக் கையில் எடுத்து, நேராகத்தான் பிடித்தார்கள், “இதுல அவரு எங்க?” என்றார்கள்.

விரல் வைத்துக் காட்டினேன். திருவேங்கடம், அடுத்து நாகலிங்கம்.

“அவரு மூத்தவரு இல்ல?”

“ஆமாண்ணி.”

“அப்ப ஏன் பின்னால நிக்கிறாரு?”

 எல்லாச் சீட்டையும் திரும்ப எழுதுகிறேன். மூன்று ஆயிற்று. கை வலிக்கிறது. ‘நா’ நன்றாக வருகிறது.